முழங்கை ஆழம்

2018 மே மாதத்திலிருந்து என் இடது காதில் ஒரு சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. சில்வண்டு கத்துகிற மாதிரி, மெல்லிய, உயர்ந்த சுருதி. இதை எழுதுகிற இந்த நேரத்திலும் கேட்கிறது. நான் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். பாம்பனில் வீடு, ராமேஸ்வரம் துறைமுகத்தில் பிழைப்பு. சாமியைப் பற்றிப் பேசப் படிப்போ பட்டமோ எனக்குக் கிடையாது. ஆனால் சாமி எங்கே இருக்கிறார் என்பது, ஐம்பது வயதை நெருங்குகிறபோது, இந்தச் சத்தத்தின் வழியாகத்தான் எனக்குப் பிடிபட்டது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் நின்றுவிடும். பல படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். கடலுக்குப் போகிறவர்கள் வலையைச் சரிபார்த்துக்கொண்டும் கடன் வாங்கிக்கொண்டும் நாளை ஓட்டுகிற அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்குச் சோறு தின்ன நேரமில்லாத காலம். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பிரித்து, தேய்ந்த பேரிங்கை மாற்றி, நாசில் பார்த்து, டேப்பட் வைத்து, திரும்ப மாட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். படகின் இன்ஜின் அறை ஒரு மரப்பெட்டி மாதிரி. குனிந்துதான் நிற்கலாம். சத்தம் வெளியே போக வழி இல்லை. 26 வருடத்தில் ஒரு நாள்கூடக் காதில் பஞ்சு வைத்தவனில்லை. வைத்தால் இன்ஜின் பேசுவது கேட்காது என்பார் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்.

இன்ஜின் பேசும் என்பது வெறும் பேச்சில்லை. ஓடுகிற இன்ஜினில் எங்கோ ஒரு ‘டக் டக்’ கேட்கிறதென்றால் நீளமான திருப்புளி ஒன்றை எடுப்போம். முனையை முதல் சிலிண்டர் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னாலிருக்கிற எலும்பில் அழுத்துவோம். கண்ணை மூடிக்கொள்வோம். அப்புறம் இரண்டாவது சிலிண்டர், மூன்றாவது சிலிண்டர். இரும்பு வழியாகச் சத்தம் நேரே மண்டைக்குள் வரும். மொத்த இன்ஜினும் இடி மாதிரி முழங்கிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சின்னத் தட்டல் மட்டும் தனியாகத் தெரியும். இன்ஜினை நிறுத்திவிட்டுத் தேட முடியாது, நிறுத்தினால் தட்டலும் நின்றுபோகும். சத்தத்துக்கு நடுவிலேயே நின்றுதான் கேட்க வேண்டும்.

அந்த மே மாதம் ஒரு சாயங்காலம், வரிசையாக மூன்று படகு ஓட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். காதில் ரீங்காரம். வழக்கமாகக் குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் காலையில் போய்விடும். அன்றைக்குப் போகவில்லை. ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது. மதுரைக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தேன். சோதித்துவிட்டுச் சொன்னார்: உள்காதில் மயிரிழை மாதிரி நுண்ணிய செல்கள் இருக்கின்றன, வருடக்கணக்காகப் பெரிய சத்தம் கேட்டால் அவை செத்துப்போகும், மனிதனுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. “பழகிக்கலாம். முழுசா நின்னுடும்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார். பொய் சொல்லாத மனிதர். அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது.

பகலில் எப்படியோ ஓட்டிவிடுவேன். ராத்திரிதான் தாங்காது. ஊர் அடங்கிய பிறகு அது மட்டும் தனியாகக் கத்தும். ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் மனைவியும் தூங்காமல் கிடப்பாள், என்னவென்று கேட்கமாட்டாள், கேட்டால் நான் எரிந்து விழுவேன் என்று பயம்.

சின்ன வயதிலிருந்தே சாமி கும்பிடுகிறவன் நான். விடிகாலை 5 மணிக்கு ராமநாதசுவாமி கோயிலில் ஸ்படிகலிங்க தரிசனத்துக்குப் போய் நின்றேன். அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுந்து, உள்ளே மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தம் வரை 22 தீர்த்தமும் ஆடினேன். அந்த வருடம் மட்டும் மூன்று தடவை. வேண்டுதல் ஒன்றே ஒன்று: இதை நிறுத்து. வாளித் தண்ணீர் தலையில் விழுகிறபோது கேட்காது. ஈரத்தோடு பிரகாரத்துக்கு வந்ததும் மறுபடி கேட்கும். சாமி என்னைவிட்டுத் தூரமாகப் போய்விட்டார் என்றே முடிவு செய்துவிட்டேன்.

தெரிந்தவர் ஒருவர் தியான வகுப்புக்குக் கூட்டிப்போனார். எல்லாச் சத்தமும் அடங்கிய பிறகு உள்ளே ஒரு பேரமைதி இருக்கிறது, அதுதான் கடவுள் என்று அங்கே சொன்னார்கள். எனக்கு எது அடங்கும்? ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, புருவ மத்தியில் வலி எடுக்கிற அளவுக்கு முயன்றேன். இன்னும் ஆழமாகப் போங்கள் என்றார் ஆசிரியர். போகப் போகச் சத்தம் பெரிதானது. காது நன்றாக இருக்கிறவர்களுக்கு அந்த வழி சரிப்படலாம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் நெஞ்சில் தங்கிவிட்டது. சத்தம் நின்றால்தான் சாமி என்றால், ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை பார்க்கிறவனுக்கு, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிற பெண்ணுக்கு, எனக்கு, எங்களுக்கெல்லாம் சாமி கிடையாதா?

ஐப்பசியில் ஒரு ராத்திரி. வாடைக்காற்று தொடங்கிவிட்டது. மின்விசிறிச் சத்தத்தை வைத்துத்தான் காதுச் சத்தத்தை மறைத்துத் தூங்கப் பழகியிருந்தேன். பன்னிரண்டு மணி வாக்கில் கரண்ட் போய்விட்டது. விசிறி மெல்ல மெல்ல நின்றது. அடுத்த நொடி அந்தச் சில்வண்டு மண்டை முழுக்க நிறைந்துகொண்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுந்து ஓடலாமா என்று இருந்தது. எங்கே ஓடுவது?

அப்போது ஒன்று தோன்றியது. இத்தனை வருடம் ஊரார் இன்ஜினையெல்லாம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். இந்தச் சத்தத்தை ஒரு தடவையாவது கேட்டேனா? சண்டை போட்டேன், மறைத்தேன், கெஞ்சினேன். கேட்கவில்லை. சரி, கேட்போம் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் வருகிறது? இடது, கொஞ்சம் பின்னால். ஒரே சுருதியா? இல்லை. மேலே ஒரு கூர்மையான சத்தம், அதற்கு அடியில் மணல் காற்றில் பறக்கிற மாதிரி சன்னமாக இன்னொன்று. தாடையை இறுக்கினால் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. ஒரு தொழில்காரனாக அதைப் பார்க்க ஆரம்பித்ததுமே பயம் பாதியாகிவிட்டது.

பழக்க தோஷம், கையில் திருப்புளி இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன். முனை சத்தத்தின் மேல் இருக்கிறது. அப்படியானால் பிடி எங்கே இருக்கிறது? கேட்டுக்கொண்டிருப்பது எது?

கவனத்தை முனையிலிருந்து பிடிப் பக்கமாகத் திருப்பினேன். எப்படித் திருப்பினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன், நான் வாசலில்தானே நிற்கிறேன் என்று உணர்வான் பாருங்கள், அந்த மாதிரி. அங்கே ரீங்காரம் இல்லை. சத்தம் கேட்கிறது. ஆனால் கேட்கிற அறிவில் சத்தம் இல்லை. பயம் தெரிகிறது. தெரிந்துகொண்டிருக்கிற அதற்குப் பயம் இல்லை. அது புதிதாக வந்ததாகவும் படவில்லை. 2018க்கு முன்னாலும் அதுதான் கேட்டது, சின்னப் பிள்ளையில் அப்பத்தா கதை சொன்னபோதும் அதுதான் கேட்டது.

ஒளி கிளி எதுவும் தெரியவில்லை. பரவசமும் இல்லை. ஆனால் தனியாக இல்லை என்று மட்டும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. சின்ன வயதில் காய்ச்சலில் கிடக்கும்போது இருட்டில் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பேசாது. தொடக்கூடச் செய்யாது. வெற்றிலை வாசனை மட்டும் வரும். கண்ணைத் திறக்காமலே ஆள் இருக்கிறது என்று தெரியும். அந்தத் தெம்பு. அழுதேன். கரண்ட் எப்போது வந்தது என்று தெரியாது, விடிகிறபோது விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தனுஷ்கோடியில் வாழ்ந்தது. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தது. பின்னால் அங்கே மறுபடியும் குடிசை போட்டுத் தங்கிய சொந்தக்காரர்களைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் கடல். பாக் நீரிணைப் பக்கம் அலை இல்லாத பெண்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் குமுறுகிற ஆண்கடல். நடுவில் வெறும் மணல். ஆனால் அங்கே குடிக்கிற தண்ணீர் உண்டு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலில் கையாலேயே ஊற்றுத் தோண்டுவார்கள்.

அப்பத்தா குத்துக்கால் போட்டு உட்காரும். இரண்டு கையாலும் மணலை வாரி வாரி வெளியே தள்ளும். மேல்மணல் சுடும், ஒரு சாண் இறங்கினதும் ஈரம், முழங்கை ஆழத்தில் குழியின் பக்கங்கள் மெல்லச் சரியும், அடியில் தண்ணீர் கசியும். முதலில் வருவது கலங்கல். அதைச் சிரட்டையால் மொண்டு வெளியே ஊற்றிவிடும். இரண்டாவதும் கலங்கல், அதையும் ஊற்றிவிடும். அப்புறம் கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். வெற்றிலை போடும். ஊர்க்கதை பேசும். கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்த்தால் குழிக்குள் வானம் தெரியும், அவ்வளவு தெளிவு. வாயில் வைத்தால் இனிக்கும்.

நான் பொறுக்காத பிள்ளை. தோண்டத் தோண்ட ஊறும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு தடவை அது அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது தோள் வரை கையை விட்டுத் தோண்டிவிட்டேன். குழி நிறையத் தண்ணீர் வந்தது. குடித்தால் ஒரே கரிப்பு.

“ஆழமாத் தோண்டுனா கடல்தான் அப்பு வரும். மேல நிக்கிறதுதான் நம்ம தண்ணி” என்றது அப்பத்தா.

மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேலேயே மிதந்து நிற்கிறது. அதுதான் ஊற்று. இந்தத் தீவில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் இருப்பதற்கும் இதுவே காரணம். தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருக்கிறது, அதில் ஊறுவது உப்பில்லாத தண்ணீர்.

அந்த ராத்திரிக்கு மறுநாள், துறைமுகத்தில் ஒரு படகின் ஓரத்தில் டீயோடு உட்கார்ந்திருந்தபோது இந்த ஊற்று ஞாபகம் வந்தது. தியான வகுப்பில் நான் தோள் வரை கையை விட்டுக்கொண்டிருந்தேன். நான் தேடியது முழங்கை ஆழத்தில் இருந்தது. சத்தத்துக்கு அடியில், எங்கோ பாதாளத்தில், எல்லாம் அடங்கிய இடத்தில் சாமி இருப்பதாக நினைத்தேன். சத்தம் கேட்கிறது என்று தெரிகிறதே, அந்தத் தெரிதலிலேயே இருந்திருக்கிறார்.

இதைப் படிப்பவர்கள் முயன்று பார்ப்பதாக இருந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

உட்காருவது பத்து நிமிடம் போதும். நெற்றியில் இறுக்கம் வந்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தால், ஆழமாகத் தோண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். எழுந்து ஒரு வேலையைப் பாருங்கள், சாயங்காலம் திரும்ப உட்காரலாம். ஒரு நாளைக்கு நான்கு தடவை ஐந்தைந்து நிமிடம் உட்கார்ந்தது, ஒரே தடவை இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததைவிட எனக்குப் பல மடங்கு பலன் கொடுத்தது. முதல் சில நிமிடம் கலங்கல்தான் வரும். கடன், மகளின் கல்லூரிக் கட்டணம், நேற்று ஒருவன் பேசிய பேச்சு. அதைப் பார்த்து மனசு கெட்டுப்போச்சு என்று நினைக்க வேண்டாம். வந்தது தெரிந்ததா, சரி, மொண்டு ஊற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். கையை உள்ளேயே வைத்துத் துழாவிக்கொண்டிருந்தால் எந்தத் தண்ணீரும் தெளியாது.

அமைதியான இடத்தைத் தேடி அலைய வேண்டாம். என்னைப் போலக் காது இரைச்சல் உள்ளவர்களுக்கு அது நல்லதும் இல்லை. ஆரம்பத்தில் நான் பாக் நீரிணைப் பக்கம் போய் உட்கார்ந்தேன், தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும், காதுச் சத்தம் ஏறிவிடும். தெற்குப் பக்கம் ஆண்கடல் ஓரம் உட்கார்ந்த பிறகுதான் எளிதானது. அலை ஒன்று வரும், உடையும், போகும். கேட்பது அங்கேயே இருக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தக் கரையில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் ‘கேட்பது யார்’ என்று எனக்கு நன்றாகப் பழகியது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தும் பழகலாம்.

இதில் நான் பெரிய தப்பு ஒன்று செய்தேன். அந்த ஐப்பசி ராத்திரி கிடைத்தது மறுபடி கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். விசிறியை நிறுத்தினேன், அதே சுவரில் அதே மாதிரி சாய்ந்தேன், அழுகை வருகிறதா என்று பார்த்தேன். மூன்று மாதம் இப்படியே போனது. ஒன்றும் வரவில்லை, சத்தம்தான் கேட்டது. பழையபடி, சாமி போய்விட்டார் என்ற எண்ணம். ஊற்று அதற்கும் பதில் வைத்திருந்தது. இன்றைக்குத் தோண்டின குழி நாளைக்கு இருக்காது. காற்று மணலைத் தள்ளி மூடிவிடும். அப்பத்தா ஒரு நாளும் நேற்றுத் தோண்டின குழி எங்கே என்று தேடி நான் பார்த்ததில்லை. இருக்கிற இடத்தில் உட்கார்ந்து புதிதாகத் தோண்டும். தண்ணீர் குழியில் இல்லை, மணல் முழுக்க இருக்கிறது என்று அதற்குத் தெரியும். அழுகையும் நெகிழ்ச்சியும் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. வந்ததையும் வராததையும் தெரிந்துகொண்டிருக்கிற ஒன்று இருக்கிறதே, அது ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

அதைச் சாமி என்று ஏன் சொல்கிறாய், வெறும் உணர்வு என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று என் தங்கை மகன் கேட்டான். கல்லூரியில் படிக்கிற பையன், நியாயமான கேள்வி. நான் சொன்னது இதுதான். அதை நான் உண்டாக்கவில்லை. என்னால் நிறுத்தவும் முடியாது. என் பயம், கோபம், கெட்ட நினைப்பு எல்லாவற்றுக்கும் அது இடம் கொடுத்தது, ஒன்றைக்கூட வெறுக்கவில்லை. என்னைப் பெற்ற தாய்கூட என்னை அவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. இப்படி ஒன்றின் முன்னால் உட்கார்ந்தால் கை தானாகக் கூப்புகிறது. கை கூப்ப வைப்பதைச் சாமி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்ல?

அது நானேவா, இல்லை எனக்குள் நிற்கிற வேறொருவரா என்பது பெரியவர்கள் காலங்காலமாகப் பேசிவருகிற விஷயம். ராமநாதபுரத்தில் லட்சுமிபுரத்தில் தாயுமானவர் சமாதி இருக்கிறது. திருமறைக்காட்டில் பிறந்து, திருச்சியில் அரண்மனை வேலை பார்த்து, கடைசியில் எங்கள் சீமைக்கு வந்து அடங்கியவர். வேதாந்தமும் சித்தாந்தமும் ஒன்றாகிற சமரசத்தைப் பாடியவர். சும்மா இரு என்பதுதான் மௌனகுரு அவருக்குக் கொடுத்த உபதேசம். நெஞ்சையே கோயிலாக்கி, நினைவையே வாசனையாக்கி, அன்பையே அபிஷேகத் தண்ணீராக்கிச் சாமியைக் கூப்பிட்டவர். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க ராமநாதபுரம் போகிறபோதெல்லாம் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவேன். நானா அதுவா என்ற கேள்வி அங்கே உட்கார்ந்தால் எனக்கு எழுவதில்லை. அப்பத்தா கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்ததுதான் எனக்குத் தெரிந்த சும்மா இருப்பது.

பாம்பனில் படகு வைத்திருக்கிற பாய் ஒருவரிடம் இதைச் சொன்னேன். முப்பது வருடப் பழக்கம். இன்ஜின் ஆயில் டின் மேல் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். அப்புறம் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, “இந்தப் பிடரி நரம்பைவிட அவன் கிட்ட இருக்கான்னு எங்க வேதத்துல இருக்கு தம்பி. சின்னதுல ஓதினது. இப்ப நீங்க சொல்லும்போதுதான் எவ்வளவு கிட்டன்னு யோசிக்கிறேன்” என்றார்.

இதெல்லாம் தெரிந்த பிறகு கோயில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குக் கோயில் இப்போதுதான் அதிகமாகத் தேவைப்படுகிறது. உத்தரகோசமங்கையில் மரகத நடராஜர் வருடம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள்ளேயே இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் சந்தனத்தைக் களைந்து காட்டுவார்கள். மேளச் சத்தத்துக்கே மரகதம் விண்டுவிடும், அதனால்தான் காப்பு என்பார்கள் எங்கள் பக்கத்தில். முன்பெல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான் நெரிசலில் போய் நிற்பேன். இப்போது சாதாரண நாளில் போகிறேன். சந்தனம் மட்டும்தான் தெரியும். சந்தனத்துக்கா தீபாராதனை காட்டுகிறார்கள்? உள்ளே பச்சை இருக்கிறது என்று தெரிந்துதானே எல்லோரும் கும்பிடுகிறோம். ஒரு நாள் பார்த்த கண்ணுக்கு மற்ற நாள் போதுமானதாகிவிடுகிறது. 22 தீர்த்தமும் இன்னும் ஆடுகிறேன். வேண்டுதல் இல்லை. தண்ணீர் விழுகிறது, குளிர்கிறது, தெரிகிறது. அது போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது காதுக்கு மருந்து இல்லை. சத்தம் ஒரு துளிகூடக் குறையவில்லை. நான் இப்போது காதடைப்பான் போடாமல் இன்ஜின் அறையில் இறங்குவதில்லை, என்னிடம் வேலை பார்க்கிற யாரையும் இறங்க விடுவதும் இல்லை. வருடம் ஒரு தடவை காதைச் சோதித்துக்கொள்கிறேன். தூக்கம் அடியோடு போய், உயிரை விட்டுவிடலாம் என்கிற நினைப்பு வருகிறவர்கள் தியானத்தில் உட்கார்ந்து அதைச் சரி செய்யப் பார்க்கக் கூடாது. முதலில் டாக்டரிடம் போங்கள், வீட்டாரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். எனக்கு அந்த நினைப்பு இரண்டு ராத்திரி வந்தது. அதை மனைவியிடம் சொல்ல நான் ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். சொன்ன அன்றைக்குத்தான் அவளும் பல மாதத்துக்குப் பிறகு தூங்கினாள்.

அப்புறம், உள்ளே தண்ணீர் தெளிந்ததா என்று கண்ணை மூடி உட்கார்ந்து சோதிக்க முடியாது. எனக்கு அது பட்டறையில்தான் தெரியும். தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் என்னிடம் வேலை கற்றுக்கொள்கிறான். போன தடைக்காலத்தில், இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பின் போல்ட்டைக் கையால் திருகி வைத்துவிட்டு ஸ்பானர் போட மறந்துவிட்டான். ஊற்றின ஆயில் முழுக்கப் படகின் அடிவயிற்றில். பழைய ஆளாக இருந்தால் ஸ்பானர் பறந்திருக்கும். அன்றைக்கும் கோபம் வந்தது. காது சூடானது, வலது கை இறுகியது. இறுகியது எனக்குத் தெரிந்தது. அந்தத் தெரிதலுக்கும் கை ஓங்குவதற்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி இருந்தது. பையனின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்குள்ளும் அதே ஒன்றுதானே பயத்தைத் தெரிந்துகொண்டு நிற்கிறது. “துணியை எடுத்துட்டு வாடா, ரெண்டு பேரும் துடைப்போம்” என்றேன். எல்லா நாளும் அப்படி வாய்ப்பதில்லை. அடுத்த வாரமே வேறொரு விஷயத்துக்கு அவனைக் கத்திவிட்டு, சாயங்காலம் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

இந்தத் தடைக்காலத்தில் அவனுக்குத் திருப்புளி வைத்துக் கேட்கக் கற்றுக்கொடுத்தேன். இரண்டு காதிலும் அடைப்பான், ஒரு காதுக்குப் பின்னால் எலும்பில் பிடி. கண்ணை மூடு என்றேன். முதலில் ஒன்றும் புரியவில்லை என்றான். எல்லாம் ஒரே சத்தமா இருக்குண்ணே என்றான். அவசரப்படாதே, எதையும் தேடாதே, கேட்டுக்கொண்டு மட்டும் இரு என்றேன். முனையை ஒவ்வொரு சிலிண்டராக நகர்த்தினான். அவன் தாடை இறுகியிருந்தது, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. இன்ஜின் முழங்கிக்கொண்டிருந்தது. படகின் பலகை காலடியில் அதிர்ந்தது.

ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே இடது கையைத் தூக்கினான். நான்கு விரல் காட்டினான். நானும் குனிந்து என் திருப்புளியை நான்காவது சிலிண்டரில் வைத்தேன்.